உறங்கும் அறைத்தோழரை எழுப்பாத விளையாட்டுக் கணினி: ஒரு பாகத் தொகுப்பின் மதிப்புரை

கல்லூரி விடுதி அறையில் வைக்கப்படும் விளையாட்டுக் கணினியை மதிப்பிடும்போது, அதை இயக்குபவரின் காதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. சில அடி தள்ளிப் படுத்திருக்கும் அறைத்தோழரின் காதையே கொள்ள வேண்டும். விளையாடுபவர் ஹெட்போன் அணிந்திருப்பதால் விசிறிகளின் இரைச்சல் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. மறுநாள் தேர்வுக்காக முன்னதாகவே படுத்துவிட்டவருக்கோ அது முழுவதுமாகக் கேட்கும். இந்த எண்ணத்தோடு நான் தேர்ந்தெடுத்துக் கோத்த தொகுப்பு இது: ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசசர், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ கூலர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, ஃப்ராக்டல் டிசைன் நார்த் கேபினெட், சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ்-750 பவர் சப்ளை, வைஃபை வசதியுள்ள பி650 மதர்போர்டு, கோப்புகளைச் சேமிக்க, சுழலும் பாகமில்லாத ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டி. இவற்றில் எது தன் இடத்துக்குத் தகுதியானது, எதற்கு மாற்றுத் தேடலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது போதாது. அது எப்படி மாறுகிறது என்றும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமுதாய இரைச்சல் வழிகாட்டுதல்கள், படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஒலி சராசரியாக 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்றும், தனித்தனியாக எழும் ஒலிகள் 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்றும் இரண்டு வரம்புகளை வகுத்துள்ளன. கணினிக்கும் இந்த இரண்டு பார்வைகளும் தேவை. ஒரே சீராக மெல்ல இரையும் கணினிக்குக் காது சிறிது நேரத்தில் பழகிவிடும். திடீரென வேகமெடுத்து, அடங்கி, மறுபடியும் வேகமெடுக்கும் விசிறிக்கு யாராலும் பழக முடியாது. ஆகவே இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பாகத்தையும் 'எவ்வளவு குறைவாக ஒலிக்கிறது' என்பதோடு 'எவ்வளவு சீராக ஒலிக்கிறது' என்றும் சோதித்துப் பார்த்தேன்.

விசிறியின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும் என்பது விசிறிப் பொறியியலில் வழங்கிவரும் கணக்கு. ஒரே மாதிரியான இரண்டாவது விசிறியைச் சேர்த்தால் கூடுவதோ 3 டெசிபெல்தான். பத்து டெசிபெல் குறைந்தாலே சத்தம் பாதியானதாகக் காது உணரும் என்பதால், வேகமாகச் சுழலும் ஒரு விசிறியைவிட மெதுவாகச் சுழலும் இரண்டு விசிறிகள் எப்போதும் நல்ல தேர்வாகின்றன. ஆனால் விசிறிகள் மெதுவாகச் சுழல வேண்டுமானால் வெளியேற்ற வேண்டிய வெப்பம் குறைவாக இருக்க வேண்டும். எனவே அமைதியான கணினிக்கான தேர்வு விசிறியில் தொடங்குவதில்லை. வாட் கணக்கில் தொடங்குகிறது.

ரைசன் 5 7600 இந்தக் கணக்கில் மிகச் சிறந்த மதிப்பெண் பெறுகிறது. 2023 ஜனவரியில் வந்த இந்த ஆறு கோர் (கணிப்பு அலகு) பிராசசருக்கு 65 வாட் என்று பெயரளவில் குறிக்கப்பட்டிருந்தாலும், அது உண்மையில் இழுக்கக்கூடிய உச்ச வரம்பு 88 வாட். இதன் அண்ணனான 7600எக்ஸ், அதே ஆறு கோர்களை 5.1-க்குப் பதில் 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுசெல்வதற்காக 142 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டுள்ளது. அந்தச் சிறு வேக உயர்வை விளையாட்டின்போது கண்ணால் உணர முடியாது. கூடுதல் வெப்பத்தைக் காதால் உணர முடியும். இன்டெல் கோர் ஐ9-14900கே போன்றவற்றின் உச்ச வரம்பு 253 வாட் என்பதை நினைத்தால், விடுதி அறைக்கு அவை ஏன் பொருந்தா என்பது தெளிவாகும். கூடுதல் திறன் வேண்டுவோர் ரைசன் 7 7800எக்ஸ்3டி-யைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். 96 எம்பி எல்3 கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) கொண்ட அது 120 வாட் என்று குறிக்கப்பட்டாலும், விளையாட்டுகளில் அதைவிட மிகக் குறைவாகவே இழுக்கிறது.

7600-உடன் பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் சிறியது. கணினியை இயக்க அது போதும், அமைதிக்குப் போதாது. அதற்குப் பதிலாக நான் பொருத்திய பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, வெப்பத்தைக் கடத்தும் ஆறு ஹீட் பைப்களும் இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகளும் கொண்ட இரட்டைக் கோபுரக் கூலர். இவ்வளவு பெரிய உலோகப் பரப்பை 88 வாட்டுக்குக் கொடுப்பது மிகை என்று சிலர் சொல்வார்கள். அந்த மிகைதான் அமைதியைத் தருகிறது. விசிறிகளின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 1550 சுழற்சி. விளையாட்டின்போதும் அதன் பாதியளவில் நிறுத்தி வைக்க முடிகிறது. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-டி15 இதைவிடச் செம்மையான கூலர்தான். ஆயினும் இந்த பிராசசருக்கு இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அறையின் இயல்பான ஒலியில் மறைந்துவிடும்.

திரவக் கூலரை வேண்டுமென்றே ஒதுக்கினேன். ரேடியேட்டரில் விசிறிகள் எப்படியும் இருக்கும். அவற்றோடு பம்பின் மெல்லிய ரீங்காரமும் ஓயாமல் சேர்ந்துகொள்ளும். குழாய்க்குள் காற்றுக் குமிழி சிக்கினால் சலசலப்பும் கேட்கும். 250 வாட் இழுக்கும் பிராசசருக்கு இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். 88 வாட்டுக்குத் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளையாட்டுக் கணினியில் எழும் சத்தத்தின் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஆர்டிஎக்ஸ் 4070 200 வாட் இழுப்பது. 12 ஜிபி நினைவகம் கொண்டது. இதே சிப்பைப் பல நிறுவனங்கள் பல வடிவங்களில் விற்கின்றன. இரண்டு விசிறிகள் கொண்ட குட்டையான வடிவமும், மூன்று விசிறிகள் கொண்ட நீண்ட வடிவமும் விளையாட்டில் ஏறத்தாழ ஒரே வேகத்தைத்தான் தருகின்றன. சத்தத்திலோ இரண்டும் வெவ்வேறு கார்டுகள் போல நடந்துகொள்கின்றன. கேபினெட்டில் இடமிருந்தால் வெப்பத்தை உறிஞ்சிக் காற்றில் விடும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க் பெரிதாக உள்ளதையே எடுக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டது என்ற விளம்பரத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கார்டை வாங்கியபின் செய்ய வேண்டிய ஒரு வேலை, வேறெந்தப் பாகத்துக்குச் செலவிடுவதைவிடவும் அதிகப் பலன் தருகிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மின்வரம்பை 75 விழுக்காட்டுக்கு இறக்கிவிட வேண்டும். 200 வாட் 150 வாட்டாகும்போது வேகமும் கால் பங்கு குறையும் என்று அஞ்சத் தேவையில்லை. சிப்பின் மின்செலவு அதன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கிய அளவில் உயர்கிறது. கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்காகவே மின்னழுத்தம் செங்குத்தாக ஏற்றப்படுகிறது. அந்த உச்சியைச் சற்று வெட்டினால் வெப்பம் பெரிதும் குறைகிறது, நொடிக்கு வரையப்படும் படச்சட்டங்களின் எண்ணிக்கையோ சிறிதளவே குறைகிறது. இதோடு, திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறதோ அந்த வீதத்துக்குச் சற்றுக் கீழே படச்சட்டங்களுக்கும் ஒரு வரம்பு வைத்துவிட வேண்டும். வரம்பில்லாவிட்டால், விளையாட்டின் மெனுத் திரையில்கூடக் கார்டு நொடிக்குப் பல நூறு சட்டங்களை வீணாக வரைந்துகொண்டிருக்கும். அப்போதுதான் கார்டின் மின்சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் கீச்சொலி மிகத் தெளிவாகக் கேட்கும். அந்த ஒலி ஒரே மாடலிலும் கார்டுக்குக் கார்டு வேறுபடுவதால், பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியும் நாட்களுக்குள்ளேயே இரவில் அதைச் சோதித்துவிடுவது நல்லது.

4070 கிடைக்காதவர்களுக்கு, 16 ஜிபி நினைவகத்துடன் வரும் 180 வாட் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ தகுந்த மாற்று. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5070 வேகமானது. ஆனால் 250 வாட் இழுப்பது என்பதால் மின்வரம்பைக் குறைத்த பிறகே அதை இந்த அறைக்குப் பரிந்துரைப்பேன்.

கேபினெட் தேர்வில் பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பக்கங்களில் ஒலியடக்கும் பஞ்சு ஒட்டி, முன்பக்கத்தைக் கதவால் மூடிய கேபினெட்தான் அமைதியானது என்று பலர் கருதுகிறார்கள். அந்தப் பஞ்சு கூர்மையான உயரொலிகளை ஓரளவு விழுங்கும். விசிறிகளின் தாழ்ந்த இரைச்சலை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. மூடிய முன்பக்கம் காற்றோட்டத்தைக் குறைப்பதால் உள்ளே வெப்பம் ஏறி, கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் வேகமெடுக்கின்றன. உலாவியும் ஆவணங்களும் மட்டும் திறந்திருக்கும் கணினிக்குப் பஞ்சு வைத்த கேபினெட் பொருந்தும். மணிக்கணக்கில் விளையாடும் கணினிக்குத் திறந்த முன்பக்கமே ஏற்றது. நார்த்தின் முன்பக்கம் மரப்பட்டைகளால் ஆனது; அவற்றின் இடைவெளிகளில் காற்று தாராளமாக நுழைகிறது. உடன் வரும் இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள் மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தருகின்றன. கண்ணாடிப் பக்கம் கொண்ட வடிவத்தில் 170 மில்லிமீட்டர் உயரம் வரையுள்ள கூலர்களைப் பொருத்தலாம். 155 மில்லிமீட்டர் உயரமுள்ள பியர்லெஸ் அசாசின் எளிதில் அமர்கிறது. விடுதி மேசையில் பார்ப்பதற்கு ஒரு மரச்சாமான் போல அடக்கமாக இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அறை சிறியது என்பதற்காக மிகச் சிறிய கேபினெட்டைத் தேடுவோர் ஒன்றைக் கருத வேண்டும். அவற்றுக்கான எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவுப் பவர் சப்ளைகளில் பெரும்பாலும் 92 மில்லிமீட்டர் விசிறிதான் இருக்கும். கூலரின் உயரமும் சுருங்கிவிடும். சிறிய விசிறிகள் அதே காற்றுக்கு அதிக வேகத்தில், அதிகக் கூர்மையான ஒலியோடு சுழல வேண்டும். விளையாட்டு மடிக்கணினிகள் இரவில் அறைத்தோழரை எழுப்புவதற்கும் இதுவே காரணம்.

சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ்-750-இன் பின்புறத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி ஹைப்ரிட் நிலையில் வைத்தால், குறைந்த சுமையில் விசிறி முற்றிலும் நின்றுவிடும். கேட்பதற்கு இது சிறந்த வசதியாகத் தோன்றும். பகலில் படிக்கும்போது உண்மையாகவே சிறந்தது. ஆனால் மேற்சொன்னபடி மின்வரம்பு குறைக்கப்பட்ட இந்தக் கணினி விளையாட்டின்போது ஏறத்தாழ 250 வாட் இழுக்கிறது; இது பவர் சப்ளையின் திறனில் மூன்றிலொரு பங்கு. விசிறி தொடங்குவதா நிற்பதா என்று முடிவெடுக்கும் எல்லையின் அருகே சுமை ஊசலாடினால், அது நின்று நின்று தொடங்கக்கூடும். இரவில் விளையாடுபவர்கள் ஹைப்ரிட் நிலையை அணைத்து, விசிறியை எப்போதும் மெதுவாகச் சுழலவிடுவதே நல்லது. வேறு பவர் சப்ளையைத் தேடுவோர் 80 பிளஸ் கோல்ட் என்ற முத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், சைபெனெடிக்ஸ் அமைப்பு வழங்கும் லாம்ப்டா என்ற ஒலித்தரச் சான்றையும் பார்க்க வேண்டும். முன்னது மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே அளப்பது.

மதர்போர்டிலும் சேமிப்பிலும் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2019-இல் வந்த எக்ஸ்570 போர்டுகள் பலவற்றில் சிப்செட் என்ற துணைச் சிப்பைக் குளிர்விக்க இருந்த சிறிய விசிறி பி650-இல் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை உள்ளே பொருத்தும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். அதன் அதிர்வு கேபினெட்டின் தகடு முழுவதும் பரவும்.

பாகங்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) விசிறி அமைப்பை மாற்றாமல் விட்டால் இந்தத் தொகுப்பு தன் பெயரைக் காப்பாற்றாது. ரைசனின் வெப்ப உணரி, ஓர் உலாவிப் பக்கத்தைத் திறந்தாலே நொடிப் பொழுதில் பல பாகை மேலே குதிக்கும். இயல்பான அமைப்பில் விசிறியும் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். 7600-ஐ 95 பாகை செல்சியஸ் வரை இயங்கும்படியே ஏஎம்டி வடிவமைத்திருப்பதால், 70 பாகை வரை விசிறியை ஒரே வேகத்தில் நிறுத்தி வைப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. வேகமேற்றத்துக்குச் சில நொடிகள் தாமதமும் வைத்துவிட்டால் குதிப்புகள் அறவே மறைந்துவிடும். கேபினெட் விசிறிகளை பிராசசரின் வெப்பத்தோடு பிணைக்காமல், ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் வழியே கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தோடு பிணைப்பது இன்னும் நல்லது. அந்த வெப்பம் மெதுவாகவே ஏறி இறங்குவது. கார்டின் விசிறிகள் ஓய்விலிருந்து தொடங்கும்போது தம் குறைந்தபட்ச வேகத்துக்கு ஒரேயடியாகத் தாவும். கேபினெட் விசிறிகள் எப்போதும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தால் அந்தத் தாவல் அவற்றின் ஒலியில் கரைந்துவிடும்.

இவ்வளவும் அமைந்த பிறகு அறையில் மிக உரக்க ஒலிப்பது விசைப்பலகையாகத்தான் இருக்கும். 'கிளிக்' ஒலி எழுப்பும் மெக்கானிக்கல் சுவிட்சுகளைத் தவிர்த்து, செர்ரி எம்எக்ஸ் சைலண்ட் ரெட் போன்ற ஒலிகுறைந்தவற்றையோ சாதாரண மெம்பிரேன் பலகையையோ வைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்போனும் மூடிய வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையில் விளையாட்டின் ஒலி வெளியே கசியும்.

விடுதிக் கணினி விடுமுறைதோறும் இடம் மாறும் என்பதால் இறுதியாக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நீண்ட கிராபிக்ஸ் கார்டும் கோபுரக் கூலரும் மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பவை. பயணக் குலுக்கலில் அவற்றின் எடை முழுவதும் இணைப்புகளின் மேல் விழும். கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். கேபினெட்டை, மதர்போர்டு தரைக்கு இணையாக அமைந்து கூலர் மேல்நோக்கி நிற்கும்படி படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும்.