40 ஆம்ப் எஸ்.எஸ்.ஆர்., குட்டி ஹீட் சிங்க், மஞ்சளாகிப்போன ஒரு கேட்

மூன்று ஸ்டார். அதுவும் எஸ்.எஸ்.ஆருக்குத்தான் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்), கூடவே அனுப்பிய ஹீட் சிங்குக்கு (அதன் சூட்டை வெளியேற்றும், துடுப்பு வைத்த உலோகக் கட்டை) ஒன்றுமில்லை.

கோவை கணபதியில் சின்னதாகப் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஓவனுக்கு ஃபேஸுக்கு 3 கிலோவாட் வீதம் 9 கிலோவாட் ஹீட்டர். முன்பு இருந்த கான்டாக்டர் (காந்தத்தால் இழுத்து மூடும் சுவிட்ச்) நாள் முழுக்க டக் டக்கென்று அடித்து, ஆறு மாதத்தில் பாயின்ட் தீய்ந்துவிடும். அந்த அலுப்பில்தான் இதில் மூன்று வாங்கினேன்.

வேலை சுத்தம். சத்தமே இல்லை. டெம்பரேச்சர் கன்ட்ரோலர் இரண்டு செகண்டுக்கு ஒருமுறை ஆன், ஆஃப் செய்தாலும் அசராது. 200 டிகிரி வைத்தால் ஒரு டிகிரி முன்னே பின்னே நிற்கிறது.

சூடுதான் வினை. ஆனில் இருக்கும்போது உள்ளே ஒன்றேகால் வோல்ட் போல விழும். 13 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொன்றும் சுமார் 16 வாட். மூன்றும் சேர்ந்தால் மூடிய பேனலுக்குள் குண்டு பல்பை எரியவிட்ட மாதிரிதான். போதாததற்கு, துடுப்புகள் படுக்கைவசமாக இருக்கும்படி ஹீட் சிங்கை மாட்டியிருந்தேன். சூட்டுக்காற்று மேலே ஏற வழியே இல்லை.

மூன்றாவது வாரம் பையன் ஓடிவந்தான். "அண்ணா, கன்ட்ரோலர்ல அவுட்புட் லைட் அணைஞ்சிருக்குதுங்க, ஓவன் மட்டும் ஏறிட்டே இருக்குது!" பார்த்தால் 231. ஒரு எஸ்.எஸ்.ஆர். ஷார்ட். இது செத்தால் பெரும்பாலும் ஆனிலேயேதான் சாகும். உள்ளே இருந்த வெள்ளை கேட் பழைய பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. பவுடரை உரித்து மறுபடி அடித்துக் கொடுத்தேன், என் செலவில்.

கழற்றிப் பார்த்தபோது, ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. ஹீட் சிங்கின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினேன். நடுவில் அடியில் வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு பள்ளம்!

இப்போது பெரிய ஹீட் சிங்க், துடுப்புகள் செங்குத்தாக, கீழே ஒரு ஃபேன். எஸ்.எஸ்.ஆரின் அடித்தகடு 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. தூக்கிப்போட்ட கான்டாக்டரையே லைனில் முன்னால் போட்டு, ஓவன் 220 டிகிரியைத் தொட்டால் அதை ஆஃப் ஆக்கத் தனி தெர்மோஸ்டாட்டும் வைத்தாயிற்று.

இன்னொன்று. எஸ்.எஸ்.ஆர். ஆஃபில் இருந்தாலும் கொஞ்சம் கரண்ட் கசியும், டெஸ்டர் மினுக்கும். ஹீட்டரைத் தொடுவதென்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.