பெருச்சாளிக்கு எதிராக மண்ணுக்கடியில் கம்பி வலை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருவொற்றியூரில், கடற்கரையிலிருந்து நடந்து வரும் தொலைவில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், 2021 ஆடியில் நட்ட சேம்பும் சர்க்கரைவள்ளியும் கிழங்கு பிடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கொடியை இழுத்துப் பார்த்தால் கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. தெரு மழைநீர் வடிகாலிலிருந்து சுற்றுச்சுவருக்கு அடியில் வளை பறித்து வந்த பெருச்சாளிகளின் வேலை அது.

முதலில் கட்டிய நைலான் வலையை ஒரே வாரத்தில் கடித்துவிட்டன. எலி மருந்து வைக்க நான் உடன்படவில்லை. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்தே சாகக்கூடும்; மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு மாற்று மருந்தே கிடையாது என்பதால், குழந்தைகள் நடமாடும் கொல்லையில் அதற்கு இடமில்லை.

2022 கோடையில், அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ்ஷைத் தோட்டத்தின் நான்கு பக்கமும் இரண்டடி ஆழத்துக்கு இறக்கி, அடிப்பகுதியை ஓரடி வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம். இந்த மடிப்புதான் உயிர்நாடி. வேலியை ஒட்டிக் கீழ்நோக்கித் தோண்டும் பெருச்சாளி மடிப்பில் முட்டிக்கொள்ளுமே தவிர, பின்னுக்கு நகர்ந்து தொலைவிலிருந்து தோண்டிப் பார்ப்பது அரிது. புதைப்பதற்கு முன், உள்ளேயே தங்கியிருப்பவை எவை என்று அறிய, எல்லா வளைகளையும் மாலையில் மண்ணிட்டு மூடி, காலையில் திறந்திருந்த இரண்டின் வாயில் மட்டும் கூண்டு வைத்தோம். புதுப் பொருளைக் கண்டால் அவை அஞ்சி ஒதுங்கும் என்பதால், முதல் மூன்று இரவுகள் கூண்டைத் திறந்தே விட்டுச் சுட்ட கருவாட்டை வைத்துப் பழக்க வேண்டியிருந்தது. எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் கையுறை இல்லாமல் கூண்டையோ வளை மண்ணையோ தொடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடிகால்கள் நிரம்பி வழிந்தபோது மேட்டைத் தேடி வந்தவை, சுவரோரம் ஏழு இடங்களில் தோண்டியிருந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு எங்கள் கொல்லைச் சர்க்கரைவள்ளியையே அவித்தோம் என்பதை இன்றும் மகிழ்ச்சியோடு நினைக்கிறேன்.

குறையும் உண்டு. உப்புக்காற்றும் ஈர மணலும் சேர்ந்து, மண்ணும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில்தான் கம்பியை முதலில் அரிக்கின்றன. 2025 தொடக்கத்தில் கிழக்குப் பக்கம் தோண்டிப் பார்த்தபோது அடிமடிப்பு உறுதியாக இருக்க, தரைமட்டத்தில் மூன்று இடங்களில் கம்பி இற்றுப்போயிருந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் தடித்த கம்பி வலையை வாங்கி, தரைமட்டத்தில் நான்கு அங்குல அகலத்துக்குச் சிமெண்ட் கலவை பூசியிருக்கிறோம். மற்ற மூன்று பக்கங்களையும் வரும் மழைக்காலத்துக்கு முன் தோண்டிப் பார்க்க வேண்டும்.