மலைக்காட்டில் கனிமம் தேட: ஓடை மணலா, விமானமா, துளையா?

என் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர். நான் அல்சூரில் குடியிருந்துகொண்டு இருபது வருடம் மலை மலையாகப் பாறை பார்த்தவன். இப்போது நிலவியல் படிக்கும் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, கர்நாடக மலையில இருக்கற குதிரேமுக் மாதிரி ஒரு காட்டுல என்ன கனிமம் இருக்குன்னு பார்க்கணும்னா எதுல ஆரம்பிக்கறது?"

ஓடை மணலில்தான் என்றேன்.

மழை சரிவு முழுவதையும் அரித்து ஓடையில் சேர்க்கிறது. இரண்டு ஓடைகள் கூடும் இடத்துக்குச் சற்று மேலே நின்று மணல் எடுத்தால், அதற்கு மேலுள்ள மலையெல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். 80 மெஷ் (அங்குலத்துக்கு எண்பது கண்) சல்லடையில் சலித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். தட்டில் அரித்தும் பார்ப்போம். அரிசியில் கல் அரிக்கும் அதே கையசைவுதான். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது அடியில் தங்கும் கல். லேசான மணல் வழிந்தபின் தட்டின் ஓரத்தில் ஒரு கரும்பிறை மிஞ்சும். காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி அருகே காட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது எழும்பி ஒட்டிக்கொள்ளும். மீதியை லென்ஸில் பார்க்க வேண்டும்: குரோமைட், ருட்டைல், கார்னெட், எப்போதாவது ஒரு தங்கத் துணுக்கு.

இதிலும் ஏமாறலாம். காபித் தோட்டத்துக்குக் கீழே எடுத்த மணலில் செம்பு எகிறினால் உடனே சந்தோஷப்படக் கூடாது. செடிகளுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு. அதனால் தோட்டத்துக்கு மேலே ஏறி இன்னொரு மாதிரி எடுத்தே ஆக வேண்டும்.

விமானக் காந்த அளவை, அதாவது பறந்தபடியே பாறையின் காந்தத்தை அளப்பது, காட்டில் கால் வைக்காமலே வேலையை முடிக்கும். குதிரேமுக் போல மேக்னடைட் இரும்பு என்றால் அதற்கு இணையே இல்லை. ஆனால் செங்குத்து மலையில் விமானம் தரையிலிருந்து ஒரே உயரத்தில் பறக்க முடியாது. முகடு பக்கத்தில் வரும், பள்ளத்தாக்கு விலகிப் போகும். வரைபடத்தில் பாறைக்குப் பதில் மேடு பள்ளம் தெரியும். ஹெலிகாப்டர் ஓரளவு சமாளிக்கும், செலவு அதிகம். கூடவே எடுக்கும், பாறையிலிருந்து வரும் காமாக் கதிரின் அளவோ, தரைக்குக் கீழே அரை மீட்டர் ஆழத்துக்குள் இருப்பதைத்தான் சொல்லும். தங்கம் இந்த இரண்டிலும் நேராகத் தெரியாது.

துளை போட்டால்தான் தரமும் தடிமனும் உறுதியாகும், சரி. ஆனால் வெளியே வருவது 47.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாறைத் தண்டு; அதற்காக இயந்திரம் ஏற ஒரு பாதை, நிற்க ஒரு தளம், நாள் முழுக்கத் தண்ணீர். வேலை முடிந்தாலும் பாதை காட்டில் கிடக்கும். மணலும் விமானமும் ஒரே இடத்தைக் காட்டினால் ஒழிய நான் துளைக்குக் கை தூக்க மாட்டேன்.

அப்புறம் அறிக்கை. குதிரேமுக்கில் 2005 முடிவோடு சுரங்கம் நின்றது உச்ச நீதிமன்ற உத்தரவால். தாது தீர்ந்ததால் அல்ல. இருப்பதைச் சொல்வது வேறு, தோண்டச் சொல்வது வேறு. நம் வேலை முதலாவது மட்டும். அமெரிக்காவில் 1964 வனாந்தரச் சட்டத்தின் (Wilderness Act) கீழ் காப்புக்காடுகளை ஆராய்ந்தபோது வளர்ந்த ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கும்: வாய்ப்பு அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று ஒன்று, அந்தக் கணிப்பு எவ்வளவு உறுதி என்று ஏ முதல் டி வரை இன்னொன்று. மூன்றே மூன்று ஓடையில் மணல் எடுத்துவிட்டு "வாய்ப்பு குறைவு" என்று எழுதினால், பக்கத்திலேயே உறுதியும் குறைவு என்று எழுதிவிடு என்றேன். அவன் நோட்டில் குறித்துக்கொண்டான்.