காது மிஷின் ரிவ்யூ: மிஷின் நல்லா இருக்கு, "மறதியே வராது"ங்கறது ஓவர்

அப்பாவுக்கு ரெண்டு காதுக்கும் காது பின்னாடி மாட்டற ரீசார்ஜபிள் மிஷின் வாங்கினோம். மிஷினுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், வித்த விதத்துக்கு ரெண்டு தான்.

அந்த ரெண்டு ஏன்னா, கடையில பேச ஆரம்பிச்சதே "இத போட்டா டிமென்ஷியா (மறதி நோய்) வராது சார்"னு தான். காது மந்தத்துக்கும் மறதிக்கும் சம்பந்தம் இருக்கு, மறுக்கல, லான்செட் கமிஷன் (லான்செட்ங்கற மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழு) 2024ல டிமென்ஷியாவுக்கு போட்ட 14 ரிஸ்க் லிஸ்ட்லயே அது இருக்கு. அதுக்காக மிஷின் போட்டா வராதுன்னு கேரண்டி குடுக்கறதா? 2023ல வெளிவந்த அச்சீவ்ங்கற அமெரிக்க ஆய்வுல 70லேர்ந்து 84 வயசுக்குள்ள 977 பேர 3 வருஷம் பாத்தாங்க, மொத்தமா பாத்தா மிஷினால பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா ஏற்கனவே ரிஸ்க் அதிகமா இருந்தவங்கள்ல மட்டும் மூளைத்திறன் குறையற வேகம் 48% கம்மியா இருந்துச்சு. அதயும் சேத்து சொல்லி வித்திருந்தா மதிச்சிருப்பேன்.

சரி, மிஷினுக்கு வருவோம். அப்பாவுக்கு சத்தம் கேக்கும், வார்த்தை தான் புரியாது, ச, த, ட மாதிரி எழுத்தெல்லாம் நழுவிடும், நாலு பேர் சேந்து பேசினா விட்டுப்போனத மூளை ஊகிச்சு நிரப்பிட்டே இருக்கணும், அதுக்கே சக்தி போயிட்டா கேட்டத ஞாபகம் வெச்சுக்க என்ன மிச்சம் இருக்கும். முன்னாடி எல்லாரும் சிரிச்ச அப்புறம் லேட்டா சிரிப்பாரு. இப்ப பாதியிலயே குறுக்க பூந்து சண்டை போடறாரு, எங்களுக்கு தான் நிம்மதி போச்சு 😄

ஆனா இது கடையில வெச்சுக் குடுத்த செட்டிங்ல வரல. அதுல ஸ்பூன் விழுந்தா கூட அப்பா முகம் சுளிப்பாரு. அப்புறம் வேற ஒரு ஆடியாலஜிஸ்ட் (கேக்கற திறன டெஸ்ட் பண்ற நிபுணர்) காதுக்குள்ள மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு, உள்ள எவ்ளோ சத்தம் போய் சேருதுன்னு அளந்து (ரியல் இயர் மெஷர்மென்ட்னு பேரு) திரும்ப செட் பண்ணினாங்க. வாங்கறதுக்கு முன்னாடியே இது பண்ணுவீங்களான்னு கேட்டுக்கோங்க. மெமரி டெஸ்டுக்கு போனாலும் மிஷின மாட்டிட்டு தான் போகணும், டெஸ்ட்ல சொல்ற வார்த்தை சரியா காதுல விழலன்னா அதுவும் மறந்த கணக்குல தான் ஏறும்.

கடையில கேக்கவே கேக்காத விஷயம் அப்பாவோட தலைசுத்தல். கேக்கற நத்தை எலும்பும் பேலன்ஸ் பாக்கற அரைவட்டக் குழாய்களும் உள்காதுல பக்கத்து பக்கத்துல தான் இருக்கு, மூளைக்கு போற நரம்பும் ஒண்ணு தான். பேலன்ஸ் சிக்னல் வழி, திசை ஞாபகம் வெச்சுக்கற ஹிப்போகாம்பஸ்ங்கற மூளைப்பகுதி வரைக்கும் போகுது, ரெண்டு பக்கமும் அந்த சிக்னல் சுத்தமா போனவங்களுக்கு அந்த பகுதி சுருங்கி இருந்தத 2005லயே ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. அப்பாகிட்ட நடக்கும்போது கேள்வி கேட்டா நின்னுட்டு தான் பதில் சொல்வாரு, கவனம் பூரா காலடியில. இதுக்கு மிஷின் ஒண்ணும் பண்ணாது, தனி தெரபி தான். செவுத்துல ஒட்டின எழுத்த பாத்துட்டே தலைய இடம் வலமா ஆட்டற பயிற்சி குடுத்திருக்காங்க, திட்டிக்கிட்டே பண்றாரு.

ஒரு ஸ்டார் குறைச்சது காத்தடிச்சா வர்ற இரைச்சலுக்கு. அப்புறம் சார்ஜர் லைட், வயசானவங்க யூஸ் பண்ற சாமான்ல கடுகு சைஸ்ல வெச்சா யாருக்குங்க தெரியும்.