2 ஜிபி ரேமில் இரண்டரை வருடம்: குட்டி லேப்டாப்பில் டெபியன்

2023 ஜூலையில் பரணைச் சுத்தம் செய்தபோது மகளின் பழைய லேப்டாப் கையில் கிடைத்தது. 11.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் என்3060, 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். உள்ளே மின்விசிறி கிடையாது. அவள் கல்லூரியில் சேர்ந்த 2017-இல் வாங்கியது. மூன்றே வருடத்தில் அதைத் தொடவே யாருக்கும் மனம் வராத நிலைக்கு வந்துவிட்டது. கூடவே வந்த இயங்குதளத்துக்குப் பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இடம் போதாமல் நின்றுவிடும். படங்களை அழித்து, மென்பொருள்களை நீக்கி இடம் உண்டாக்குவதற்குள் அடுத்த புதுப்பிப்பு வந்து நிற்கும்.

ரேமையாவது கூட்டலாம் என்று சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, ரேம் போர்டோட ஒட்டி வருது, ஏத்த முடியாது. ஆயிரத்து ஐந்நூறு தர்றேன், குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுக்க மனம் வரவில்லை. திரையும் விசைப்பலகையும் புதிதுபோல இருந்தன. நான் வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். பழைய பதிப்புகளோடு ஒப்பிட வேண்டியிருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழும்பூரில் கன்னிமாராவுக்கோ போக வேண்டும். தோள்பையில் போட்டுக்கொண்டு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏற ஏற்ற எடை இதற்கு இருந்தது. எனக்குத் தேவை தமிழில் தட்டவும் படிக்கவும் ஒரு கருவி, அவ்வளவுதான். அதற்கு 2 ஜிபி போதாது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க நினைத்தேன். அது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்கா மகனுக்குக் கிடைத்த கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது, லினக்ஸின் ஒரு வகையான டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அப்போது அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இருந்தாலும் அந்தப் பெயர் மனதில் தங்கியிருந்தது.

முதல் வாரம் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் வகைகள் பலவற்றை ஓட்டிப் பார்த்தேன். பப்பி லினக்ஸ் முழுவதுமாக ரேமில் ஏறி மின்னல்போல ஓடியது. ஆனால் தினசரி வேலைக்கு அதன் கோப்பு சேமிக்கும் முறை எனக்குப் பிடிபடவில்லை. ஆன்டிஎக்ஸ் இருப்பதிலேயே லேசு. லுபுண்டுவும் நன்றாகவே இருந்தது, ஆனால் அதன் நீண்டகாலப் பதிப்புக்கு ஆதரவு மூன்று வருடம்தான். டெபியனில் ஒரு பதிப்புக்கு மூன்று வருடம் முழு ஆதரவு, அதன்பின் இரண்டு வருடம் நீட்டிப்பு. அந்தக் கணக்கில்தான் ஜூன் மாதம் வெளியாகியிருந்த டெபியன் 12-ஐ, எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான மேசைச்சூழலோடு போட முடிவெடுத்தேன்.

நிறுவல் ஒரு மாலையில் முடிந்தது. டெபியனின் வரைகலை நிறுவியில் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. நான் தமிழையே தேர்ந்தெடுத்தேன். சில கலைச்சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு நொடி நிற்க வேண்டியிருந்தாலும், வட்டைப் பிரிக்கும் இடத்தில் எச்சரிக்கையைத் தாய்மொழியில் படிக்கும்போது கை நிதானமாகவே இருந்தது. இன்னொரு நல்ல காலம்: வைஃபை சில்லுகளுக்கு வேண்டிய, மூலநிரல் திறக்கப்படாத நிலைபொருள்களையும் (ஃபர்ம்வேர்) அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று டெபியன் 2022-இல் வாக்கெடுத்து முடிவு செய்திருந்தது. முன்பென்றால் அதைத் தனியாகத் தேடி, இன்னொரு பென்டிரைவில் போட்டுத் தர வேண்டும்.

வைஃபை கிடைத்தது, ஆனால் சிக்னல் கிடைக்கவில்லை. ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தால் சரி. அடுத்த அறைக்குப் போனால் ஒற்றைக் கோடு, சமையலறையில் அதுவும் இல்லை. இரண்டு நாள் தேடியபின் காரணம் புரிந்தது. அந்தச் சில்லில் இரண்டு ஆன்டெனாவுக்கு இடம் உண்டு. லேப்டாப்பைத் தயாரித்தவர்கள் ஒன்றைத்தான் மாட்டியிருந்தார்கள், டிரைவரோ மாட்டாத பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவரின் அமைப்புக் கோப்பில் ஆன்டெனா எண்ணை 2 என்று மாற்றி ஒரே ஒரு வரி எழுதி, மறுபடி துவக்கினேன். சமையலறையில் நான்கு கோடு. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு "வைஃபை சரியில்லை" என்று கைவிட்டவர்கள் தங்கள் சில்லின் பெயரையும் ஆன்டெனா என்ற சொல்லையும் சேர்த்து ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்தது நினைவகம். உள்நுழைந்து எதையும் திறக்காமல் இருந்தால் 400 எம்பிக்குள்தான் செலவாகிறது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் முந்நூறு பக்கக் கோப்பைத் திறந்தாலும் மூச்சு வாங்குவதில்லை. மூச்சு வாங்க வைப்பது உலாவிதான். ரேம் நிறைந்தால் மிச்சத்தை இறக்கிவைக்கும் இடத்தை, அதாவது ஸ்வாப்பை, இஎம்எம்சியில் வைத்தால் மெதுவாகவும் இருக்கும், ஓயாமல் எழுதி எழுதி அதன் ஆயுளும் குறையும். அதனால் இசட்ரேம் போட்டேன். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிவைக்கும் இடமாக மாற்றும் வசதி அது. துணியை அடுக்கி மடித்தால் அதே அலமாரியில் கூட நான்கு சேலை வைக்கலாம் அல்லவா, அப்படி. அதைப் போட்ட பிறகு ஃபயர்ஃபாக்ஸில் ஐந்தாறு தாவல்கள் தாராளமாகத் திறக்கிறேன். பத்தைத் தாண்டினால் தடுமாறும். விளம்பரத் தடுப்பான் போடாமல் செய்தித் தளங்களைத் திறக்கவே கூடாது.

இனி, நான் இதை வைத்திருப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

தமிழ் உள்ளிட ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பு. தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. நான் தமிழ்99 ஆள். 1999-இல் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முடிவான அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்று தட்ட அ, ம, ம, ஆ என்று நான்கே விசை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த தட்டினால் 'ந்த' ஆகிவிடும். நாள் முழுக்கத் தட்டுகிறவர்களின் விரலுக்கு இந்தப் புள்ளிகளில்தான் வேலை மிச்சமாகிறது. இந்தச் சின்ன இயந்திரத்தில் விசையை அழுத்துவதற்கும் எழுத்து திரையில் விழுவதற்கும் இடையில் எந்த இழுவையும் இல்லை. வேகமாகத் தட்டும்போது எழுத்து பின்தங்கி வந்தால் புள்ளியை இரண்டு முறை போட்டுவிடுவேன், அப்புறம் அழிக்க வேண்டும். இங்கே அது நடப்பதில்லை. ஒரு இயங்குதளம் இலகுவானது என்று நான் சொன்னால் அதைத்தான் சொல்கிறேன்.

பதிப்பகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகள் பாதி ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய எழுத்துருக்களில்தான் வரும், குறிப்பாகப் பாமினி. அதை மாற்ற பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறேன். டெபியன் 12-இல் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நேரடியாக நிறுவப் போனால், இது இயங்குதளம் நிர்வகிக்கும் சூழல் என்று மறுத்துவிடும். தனியாக ஒரு மெய்நிகர் சூழல் உருவாக்கி அதற்குள் போட்டால் சரியாகிவிடும். எந்த வழியில் மாற்றினாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'கொடி' என்று தேடினால் பாதி இடங்கள் சிக்காது. ஒரு நாவலின் பெயர்ச்சொற்களை ஒரே சீராக்கும் வேலையில் இது என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலையாக நான்கு வரிப் பைத்தான் நிரலை ஓட்டி எல்லாவற்றையும் ஒற்றைக் குறியாக்கிவிடுகிறேன். முந்நூறு பக்கத்துக்கு இந்தச் செலரான் இரண்டு நொடிகூட எடுப்பதில்லை.

அச்சுப் பக்கத்தின் படத்தைத் திருத்தக்கூடிய எழுத்தாக்க டெசராக்ட் என்ற மென்பொருள், அதற்குத் தமிழ்த் தரவு தனிப் பொதியாகக் கிடைக்கிறது. அதை ஜிஇமேஜ்ரீடர் என்ற வரைகலை முகப்பு வழியாக ஓட்டுகிறேன். பக்கத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அது இந்தச் சில்லின் வரம்பு. துணைக்காலை ர என்றும் ர-வைத் துணைக்கால் என்றும் படித்துவைக்கும், அதைத் திருத்தத்தான் நாம் இருக்கிறோம். இரவில் இருபது பக்கம் கொடுத்துவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும். மின்விசிறி இல்லாததால் சத்தமே இல்லை.

அதே மின்விசிறி இல்லாததுதான் அக்னி நட்சத்திரத்தில் தொல்லை. மே மாத மதியம் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்தால் அடிப்பாகம் மடியில் வைக்க முடியாத அளவு சுடுகிறது, சில்லும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கீழே இரண்டு மரக்கட்டை வைத்து உயர்த்திவிட்டேன். பேட்டரியை 2024-இல் ரிச்சி தெருவிலேயே மாற்றினேன். திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து எழுதினால் ஆறு மணி நேரம் வருகிறது.

பழைய பேட்டரியே எவ்வளவு உதவியது என்பதை மிக்ஜாம் புயலின்போது பார்த்தேன். 2023 டிசம்பர் 4, பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் எல்லோருடைய போனும் அணைந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா, "ஏம்மா, உன் கம்ப்யூட்டர்லேருந்து என் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏத்தித் தர்றியா? பையன் பெங்களூர்ல பயந்துட்டு இருப்பான்" என்று மாடிப்படியில் நின்று கேட்டார். திரையை அணைத்து, யூஎஸ்பியில் அவர் போனைச் சொருகினேன். அரை மணியில் பேசுகிற அளவுக்கு ஏறிவிட்டது. அவர் மாடிக்குப் போய், நான்கைந்து முறை முயன்று, மகனோடு பேசிவிட்டுத்தான் இறங்கினார். அடுத்து கீழ்வீட்டுக்காரர் போன். பேட்டரி 9 சதவீதத்துக்கு வரும்வரை அது அந்த வேலையைச் செய்தது.

2025 அக்டோபரில் டெபியன் 13-க்கு மாறினேன். மென்பொருள்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் களஞ்சியக் கோப்பில் பதிப்பின் பெயரை மாற்றி, டெர்மினலில் முழு மேம்படுத்தல் கொடுத்து, இரண்டரை மணி நேரம். 32 ஜிபியில் பாதிக்கு மேல் காலியாக இருந்ததால் இடப் பிரச்சினை இல்லை. ஆனால் மறுநாள் ஒரு பெரிய பிடிஎஃப்பை எழுத்தாக்கும்போது கணினி உறைந்தது. மறுபடி முயன்றேன், மறுபடி உறைந்தது. அதற்குப் பிறகுதான் வெளியீட்டுக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தேன். இந்தப் பதிப்பிலிருந்து தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு இயல்பாகவே வட்டில் இல்லாமல் ரேமில் இருக்கும், பாதி ரேம்வரை எடுத்துக்கொள்ளும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். 16 ஜிபி இருப்பவர்களுக்கு அது நல்லது. எனக்குப் பாதி என்றால் 1 ஜிபி. அந்த வசதியை நிறுத்தும் கட்டளையும் அங்கேயே இருந்தது. கொடுத்து மறுபடி துவக்கினேன், பிரச்சினை தீர்ந்தது. குறைந்த ரேம் உள்ளவர்கள் மேம்படுத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இதில் ஆகாதவையும் உண்டு. வீடியோ கூட்டங்களில் ஐந்து பேருக்கு மேல் முகம் காட்டினால் குரல் உடைகிறது, அதற்குப் போனைத்தான் எடுக்கிறேன். யூடியூபில் எச்264 என்ற வீடியோ வடிவத்தை மட்டும் கேட்கும் உலாவி நீட்சி போட்ட பிறகு 720பி சீராக ஓடுகிறது, அதற்கு மேல் வேண்டாம். வீட்டிலுள்ள பழைய பிரின்டர் அச்சிடுகிறது, அதன் ஸ்கேனர் மட்டும் இன்றுவரை வசப்படவில்லை. புத்தக வடிவமைப்புக்கும் இது போதாது. அந்த வேலை மேசைக் கணினியில்தான்.

இஎம்எம்சியின் ஆயுள் பற்றிய கவலை எனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு, ஏனென்றால் அதுவும் போர்டோடு ஒட்டியது. போனால் மாற்ற வழியில்லை. நல்லவேளை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற மதிப்பீட்டை அதுவே பதிந்துவைத்திருக்கிறது, எம்எம்சி யூட்டில்ஸ் என்ற சிறு கருவியால் படிக்கலாம். 01 என்றால் பத்து சதவீதத்துக்குள், 02 என்றால் இருபதுக்குள், இப்படிப் போகும். நிறுவிய அன்று 02 காட்டியது. போன வாரம் பார்த்தேன், 03. ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்த்து நாட்குறிப்பின் பின்னட்டையில் எழுதிவைக்கிறேன்.