முதலில் பயிற்சியா, முதலில் வேலையா?

மாற்றுத்திறனாளிகளை வேலையில் அமர்த்த இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, பயிற்சிக் கூடத்தில் தயார்படுத்தி, தகுதி வந்தபின் வேலைக்கு அனுப்புவது. பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் "இன்னும் தயாராகவில்லை" என்றே பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். கூடத்தில் கற்றது உண்மையான பணியிடத்தில் அப்படியே கைகொடுப்பதும் இல்லை.

ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு இதைத் தலைகீழாக்குகிறது. முதலில் சம்பளத்துடன் வேலை. பயிற்றுநர் பணியிடத்துக்கே வந்து கற்றுத்தருவார், பிறகு மெல்ல விலகுவார். அமெரிக்கா 1986இல் இதைச் சட்டத்தில் சேர்த்தது. தீவிர மனநோய் உள்ளவர்களுக்காக 1990களில் உருவான இதன் ஒரு வடிவம், ஐபிஎஸ் (Individual Placement and Support, அதாவது தனிநபருக்கு வேலையும் தொடர் ஆதரவும்) முறை, பல ஆய்வுகளில் பழைய வழியைத் தெளிவாக முந்தியது.

கோட்பாட்டளவிலும் என் ஓட்டு இதற்கே. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு, ஆளின் ஆர்வத்துக்கேற்ற தொழிலைப் பொருத்தச் சொல்கிறது. ஆனால் சிறுவயதிலிருந்தே வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடம் ஆர்வத்தை அறியும் வினாத்தாளை நீட்டி "எது பிடிக்கும்?" என்றால் என்ன சொல்வார்? செய்து பார்த்தால்தானே தெரியும்!

குறையும் உண்டு. பயிற்றுநருக்கான நிதி சீக்கிரம் நின்றால் வேலையும் ஆட்டம் காணும். உரிமம் தேவைப்படும் தொழில்களில் முன்பயிற்சியைத் தவிர்க்கவே முடியாது.