பஞ்ச் காட்டோடு எட்டு வருடம்

1975இல் கொழும்பில் ஒரு கந்தோரில் பஞ்ச் ஒப்பரேட்டராகச் சேர்ந்தேன். கம்பியூட்டர் வாசிப்பதற்காக, பஞ்ச் காட் என்ற காகித அட்டையில் தகவலை ஓட்டைகளாக அடிக்கும் வேலை. 83 ஆடிக் கலவரத்தோடு கிளிநொச்சிக்கு வந்து சேரும்வரை ஓட்டை அடிக்கும் ஐ.பி.எம் 029 மெஷினோடுதான் சீவியம். இப்போது உருத்திரபுரத்து வீட்டில் பேத்தி லப்டொப்பில் தட்டும்போது, இதெல்லாம் ஒரு சத்தமா என்றிருக்கும். பத்து மெஷின் சேர்ந்து ஓடினால் பக்கத்துக் கதிரை அக்கா கூப்பிடுவதே கேட்காது.

ஒரு காட்டில் 80 நிரல், 12 வரிசை. ஒரு நிரலில் ஒரு இலக்கம் அல்லது எழுத்து. இலக்கத்துக்கு ஒரு ஓட்டை, எழுத்துக்கு இரண்டு. ரிப்பன் மங்கி மேலே அச்சு விழாவிட்டாலும் ஓட்டையைப் பார்த்தே பெயரை வாசித்துவிடுவோம். ஒரு மூலை வெட்டியிருக்கும். கட்டுக்குள் ஒன்று தலைகீழாகக் கிடந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குப் பிடித்தது வெரிஃபையர், அடித்தது சரியா என்று பார்க்கும் மெஷின். நான் அடித்ததை இன்னொருவர் திரும்ப அடிப்பார். எல்லாம் பொருந்தினால் காட்டின் வலது ஓரத்தில் சின்ன வெட்டு விழும். பொருந்தாவிட்டால் பிழைத்த நிரலுக்கு மேலே விழும். ஒருமுறை சம்பளக் கட்டில் என் கை ஒரு நிரல் தள்ளிப்போய், 342 ரூபாக்காரருக்கு 3,420 ரூபா. "என்ன பிள்ளை, இந்த மாசம் அவருக்குக் கலியாணமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா காட்டைத் திருப்பித் தந்தா.

குறை இல்லாமல் இல்லை. கொழும்பு மழைக்காலத்தில் காட் ஈரம் குடித்து வீங்கி, அதை வாசிக்கும் ரீடர் மெஷினில் சிக்கும். கட்டு கைதவறி விழுந்து ஒழுங்கு குலைந்தால் அன்றைய நாள் போச்சு. நானும் ஒருமுறை படிக்கட்டில் கொட்டி அழுதிருக்கிறேன். அப்புறம்தான் கட்டின் விளிம்பில் பேனையால் குறுக்காகச் சாய்கோடு இழுக்கப் பழகினேன். ஒன்று இடம் மாறினாலும் கோடு முறிந்து தெரியும்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, இங்கே ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். ஜெனரேட்டரில் ஓடும் கம்பியூட்டர். ஒரு 1.44 எம்பி ஃபிளொப்பியில் 18,000 காட் அளவு அடங்கும், 2,000 காட் பெட்டி ஒன்பது! ஆனால் வன்னிச் செம்மண் தூசிக்கும் வெக்கைக்கும் அது மூன்று மாதம் தாங்கினால் பெரிய காரியம். ஏன் திறக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கவும் ஏலாது. அதனால் கொப்பியிலும் எழுதிவைத்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

2008இல் இடம்பெயர்ந்தபோது கம்பியூட்டர் அங்கேயே கிடந்தது. கொப்பிக்குள் அடையாளத்துக்கு வைத்த ஒரு காட் என்னோடு வந்தது. போன வருடம் கறையான் அதன் இன்னொரு மூலையையும் தின்றுவிட்டது. இப்போது எது மேல்பக்கம் என்று ஓட்டையை வாசித்துத்தான் சொல்ல வேண்டும்.